வளையம் தெரியுது என்று வந்த ஜீப்புக்காரர்

வண்டியின் முன்கண்ணாடியில் கல் தெறித்து வருகிறவர்கள் எல்லாரும் கண்ணாடி வேலைக்காரர்களான நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அடிபட்டதே தெரியாம பண்ணிறலாமா?" நீங்களும் இந்நேரம் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். கடை நடத்திய காலம் முழுக்க நான் சொன்னதும் ஒரே பதில்தான். "தெரியாமப் பண்ண முடியாது. பெருசாகாம நிறுத்தலாம். கொசு உக்காந்த மாதிரி ஒரு தழும்பு இருக்கும். எதுக்க லைட்டு வந்தா அந்த இடம் கொஞ்சம் மினுங்கும். அதுக்குச் சம்மதம்னா வண்டிய நெழல்ல விடுங்க."

நேர்மையான பதில்தான். உங்களில் சிலருக்கு நான்தான் அதைச் சொல்லிப் பழக்கினேன். ஆனால் அந்தப் பதிலே ஒரு தடவை எனக்குத் திரை போட்டுவிட்டது. இன்றைக்கு அதைத்தான் சொல்லப் போகிறேன். அடிபட்ட பொட்டுக்குள் பசையை எப்படி ஏற்றுவது, அது இறுக லைட்டை எவ்வளவு நேரம் காட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கருவிகளும் இப்போது நல்லதாக வந்துவிட்டன. அதற்கு என் பேச்சு தேவையில்லை.

என் கடை போடியில், மலை மேலே கேரள எல்லையில் இருக்கிற மேட்டுக்குப் போகிற ரோட்டில் கடைசிக் கடைகளில் ஒன்று. அதைத் தாண்டினால் முந்தல், அப்புறம் மலைதான். மேலே மழைக்குப் பாறை சரிந்தாலும், ரோட்டு வேலை நடந்தாலும், முன்னால் போகிற லாரி டயரிலிருந்து கல் தெறித்து அடிபட்ட வண்டி அன்றைக்கே என் வாசலில் வந்து நிற்கும். மூணாறு பார்க்கப் போகிற கார்கள் கொஞ்சம். மற்றபடி எல்லாம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள்.

அந்த ஜீப்புக்காரர்களில் ஒருவர் மொக்கச்சாமி. என்னைவிடச் சின்னவர், அப்பு என்றுதான் கூப்பிடுவேன். சொந்த ஜீப். விடியும் முன்னால் ராசிங்காபுரம் பக்கம் போய், ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மேட்டைத் தாண்டித் தோட்டத்தில் விடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். மற்ற டிரைவர்களைப் பற்றி ஏதாவது ஒரு குறை என் காதில் விழும். இவரைப் பற்றி விழுந்ததில்லை. வேகம் கிடையாது. ஆரன் அடிக்காமல் எந்த வளைவிலும் திரும்ப மாட்டார். தோட்டத்தில் யாராவது ஒருத்திக்கு வேலை முடிய நேரமாகிவிட்டால், அவளை மலையில் விட்டுவிட்டு இறங்க மாட்டார். பிள்ளைகளை வீட்டில் விட்டு வருகிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மலையில் ஒரு தடவை மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு சாரல் காலத்தில் அவர் முதல் தடவை வந்தார். டிரைவர் பக்கம், நேராகக் கண்ணுக்கு எதிரே, துவரம்பருப்பு அளவுக்கு ஒரு பொட்டு.

"லாரிக்காரன் அடிச்சுட்டுப் போயிட்டாண்ணே. வெரசா பாத்து விடுங்க."

டிரைவர் பார்வைக்கு நேரே இருக்கிற அடியை நாம் லேசில் தொடுவதில்லை. ஆனால் இது சின்னது, விரிசல் கால் விட்டுப் பரவவில்லை. வழக்கமான பதிலைச் சொன்னேன், தலையாட்டினார். உள்ளே போயிருந்த ஈரத்தைக் காயவைத்துப் பசை ஏற்றி, சுரண்டித் துடைத்து முடித்தேன். வேலை அருமையாக வந்திருந்தது. அவர் விரலால் தடவித் தடவித் தேடினார். "எங்கண்ணே இருந்துச்சு?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது.

கொஞ்ச நாளில் திரும்ப வந்தார்.

"வெள்ளென போறப்ப எதுக்க லைட்டு வந்தா, சுத்தி வளையம் தெரியுதுண்ணே. வானவில்லு கணக்கா."

"நாந்தான் அன்னைக்கே சொன்னேனே அப்பு, அந்த எடம் மினுங்கும்னு."

"சொன்னீங்கண்ணே. இருந்தாலும் ரொம்பக் கூசுது."

நெற்றியைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். என்னப்பு தலைவலியா என்று கேட்டேன். "மேட்டுப் பனி ஒத்துக்கல போல" என்றார். அது என் காதில் விழுந்தது. ஆனால் கை அந்தப் பொட்டைத்தான் மெருகேற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவையும் அதே வளையம், அதே துண்டு. ஒரு தடவை நிரப்பிய பொட்டைத் திரும்பத் திறந்து நிரப்ப முடியாது, உங்களுக்கே தெரியும். "மலையில ஆள் ஏத்தி ஓட்டுற. கண்ணாடியவே மாத்திரு" என்றேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. புதுக் கண்ணாடியை நானே மாட்டிக் கொடுத்தேன். ஒரு கீறல் இல்லாத கண்ணாடி. அதற்கப்புறம் அவர் வரவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பத் திரும்ப வந்து என்னைத் தொந்தரவு செய்யக் கூச்சப்பட்டுத்தான் வராமல் இருந்திருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பனிக்காலம் வந்தது. கேரளாக்காரர் ஒருவரின் காரைக் காலையிலேயே கொடுக்க வேண்டியிருந்ததால் ஒரு நாள் இருட்டோடு கடையைத் திறந்திருந்தேன். கடையில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு மொக்கச்சாமி ஜீப்பை ஓரம் கட்டினார். பின்னால் நிறையப் பெண்கள், மடியில் தூக்குச்சட்டியோடு. முன் சீட்டில் பேச்சியம்மா. அந்தக் கூட்டத்தில் மூத்தவர், நாலு வார்த்தை பேசத் தெரிந்தவர்.

"புதுக் கண்ணாடியிலயும் வளையம் வருதுண்ணே. கண்ணாடியே கோளாறா இருக்குமோ? நீங்களே உக்காந்து பாருங்க" என்று மொக்கச்சாமி சாவியை என் கையில் கொடுத்தார், வைப்பரையும் போட்டுப் பார்க்கட்டும் என்று.

அவருடைய சீட்டில் அன்றைக்குத்தான் நான் முதல் தடவை உட்கார்ந்தேன். அதுவரை எல்லா வேலையையும் வெளியே பானட் பக்கம் நின்றேதான் செய்திருக்கிறேன். மேட்டிலிருந்து ஒரு பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தது. பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பின்னாலேயே ஒரு லோடு லாரி. அதுவும் சுத்தம். வளையமும் இல்லை, ஒன்றும் இல்லை.

இறங்கி அவரை உட்கார வைத்தேன்.

"அடுத்து ஒரு வண்டி வரும். லைட்டையே பாரு. வளையம் தெரிஞ்சா, தலைய மெல்லச் சாய்ச்சுப் பாரு. வளையம் லைட்ட விட்டு வெலகுதா?"

ஒரு வண்டி வந்தது. தலையைச் சாய்த்தார்.

"இல்லண்ணே. அதோடயேதான் இருக்கு."

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு கண்ணாடியில் இருந்தால், தலையை அசைத்ததும் அந்த மினுக்கம் லைட்டை விட்டு விலகிவிடும். அது கண்ணாடியில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தலை எங்கே போனாலும் லைட்டோடு கூடவே வந்தால் அது கண்ணாடியில் இல்லை.

"வலது கண்ணப் பொத்து அப்பு."

பொத்தினார்.

"என்ன தெரியுது?"

"பனியா இருக்குண்ணே."

கீழே போடியில் அன்றைக்குப் பனி இல்லை.

நான் பேச்சியம்மாவைப் பார்த்தேன். அவர் மடியில் இருந்த தூக்குச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ தெரியும் என்று அப்போதே எனக்குப் பட்டது.

"அப்பு, இன்னைக்கு நீ மல ஏற வேணாம்."

அவர் சிரித்தார். "வெளையாடாதீங்கண்ணே. ஆளுக நேரமாச்சுன்னு நிக்குது."

"வெளையாடல. கண்ணாடியில ஒண்ணுமில்ல. உன் கண்ணுலதான் கோளாறு."

அவர் முகம் மாறியது. இறங்கி வந்து கையை நீட்டினார். "சாவியக் குடுங்கண்ணே." நான் கொடுக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "ஏன்ணே, நேரம் போச்சுன்னா தோட்டத்துல பேர் போட மாட்டாக. ஒரு நாப் பொழப்பு போயிரும். அவருக்குச் சாவியக் குடுத்து விடுங்க." இன்னொருத்தி என்னைத் திட்டவே ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. நான் டாக்டர் இல்லை. ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லிப் பார்த்ததுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். தப்பாக இருந்தால்? ஒரு மனுசனை அவர் ஓட்டிப் போகிற ஆட்கள் முன்னாலேயே அவமானப்படுத்தியதாகிவிடும். ஆனாலும் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நேத்து ஏறி எறங்கலையா? முந்தா நேத்து? இத்தன வருசத்துல என் வண்டியில ஒரு கோடு விழுந்திருக்காண்ணே?" என்று மொக்கச்சாமி கேட்டார்.

நான் ஜீப்புக்கு இடப்பக்கம், அவருக்குப் பனியாகத் தெரிகிற கண்ணின் பக்கம், போனேன். மட்கார்டு நசுங்கியிருந்தது. பாறையில் உரசிய தடம், இன்னும் துருப்பிடிக்காத புதுத் தடம். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து, ரொம்பக் கிட்டே போய்ப் பார்த்தார். கையால் தடவினார். அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது.

அப்போதுதான் பேச்சியம்மா இறங்கி வந்தார்.

"அவரை ஒண்ணுஞ் சொல்லாதீகண்ணே. சாரல் நின்னதுல இருந்து நாந்தான் முன்னால உக்காந்து வர்றேன். இடப்பக்கம் ஆளு வந்தாச் சொல்லுவேன். பாறை வந்தாச் சொல்லுவேன். அவரு சொல்லச் சொல்லிக் கேட்டதில்ல. நானாத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன்."

மொக்கச்சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீ சும்மா பேச்சுக்குச் சொல்லிட்டு வர்றேன்னுல்ல ஆத்தா நெனச்சேன்."

"உங்க மனசு வருத்தப்படுமேன்னு வாயத் தொறக்கல. வேற எந்த ஜீப்பு எங்களுக்காகக் காத்துக் கெடக்கும்? நீங்க ஓட்டலன்னா நாங்க என்ன பண்ணுவோம்?"

அதற்கப்புறம் யாரும் சாவியைக் கேட்கவில்லை. தெரிந்த டிரைவர் ஒருவருக்குப் போன் போட்டு வரவழைத்தேன். பெண்கள் சாமான்களோடு அந்த ஜீப்புக்கு மாறினார்கள். மொக்கச்சாமி என் கடை முன்னால் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பும்போது எழுந்து போய் அந்த டிரைவரிடம், "மேல ஓரிடத்துல ரோட்டோரம் சரிஞ்சு கெடக்கு. உள் பக்கமாவே போப்பா" என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் முகம் டிரைவருக்கு நேராக இல்லை, கொஞ்சம் தள்ளி இருந்தது. இத்தனை நாள் நான் இதைக் கவனிக்கவே இல்லையே என்று நினைத்தேன்.

மறுநாள் மொக்கச்சாமியின் மனைவி கடைக்கு வந்தார். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குச் சத்தம். "கண்ணாடி ஒட்டுற ஆளுக்கு எங்க வீட்டு ஆளு கண்ணுல என்ன சோலி? ஊரெல்லாம் குருடன்னு பேச வச்சுட்டீகளே!" நான் குரலை உயர்த்தவில்லை. "திட்டுறத மதுரைக்குப் போயிட்டு வந்து திட்டும்மா. நானும் கூட வர்றேன்" என்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, சட்டென்று அழுதுவிட்டார்.

மூன்று பேரும் பஸ்சில் போனோம். கண் ஆஸ்பத்திரியில் ஒரு மிசினிலிருந்து இன்னொரு மிசினுக்கு மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒரு இளவயது டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப்போயிருக்கிறது. அது பின்னால் இருக்கிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலது கண்ணிலும் ஓரம் குறைய ஆரம்பித்திருக்கிறது. சிகிச்சை செய்து, விடாமல் சொட்டு மருந்து போட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். போனது திரும்பாது.

பிறகு அவர் கேட்டார்: "லைட்டைச் சுத்தி வளையம் தெரியுதுன்னு சொன்னீங்களே, தலைவலியும் இருந்ததா? எப்ப இருந்து?"

மொக்கச்சாமி யோசிக்கவே இல்லை. என் பக்கம் திரும்பினார். குரலில் ஒரு குற்றச்சாட்டும் கிடையாது. நாள் தவறாமல் சொல்ல வேண்டுமே என்று என்னிடம் சரிபார்க்கிற மாதிரிக் கேட்டார். "சாரல்ல வந்து பொட்டு அடைச்சோமேண்ணே. அதுக்கடுத்து இருந்துதானே?"

"ஆமா" என்றேன்.

"அப்பவே வந்திருந்தா நெறைய மிஞ்சியிருக்கும்" என்றார் டாக்டரம்மா. அவருக்கு நான் யார் என்று தெரியாது. கூட வந்த சொந்தக்காரர் என்று நினைத்திருப்பார்.

திரும்பி வரும்போது ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் மொக்கச்சாமி, "எங்க வந்திருக்கோம்?" என்று கேட்டார். மனைவி சொன்னார். அவ்வளவுதான்.

தம்பிகளே, நான் சாவியைக் கொடுக்காததைப் பாராட்டிப் பலபேர் பேசிவிட்டார்கள். அந்தப் பாராட்டு எனக்கு ஒட்டவில்லை. அன்றைக்குச் செய்தது சரிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சரியான காரியத்தால் யாருக்கும் சந்தோசம் வரவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜீப்பு கைமாறிப் போனது. அந்தப் பெண்கள் ஆளுக்கொரு வண்டியாகப் பிரிந்தார்கள். ஒரு நாள் பறித்த காயை எடை போட்டு முடிக்க நேரமாகிவிட, பேச்சியம்மாவை விட்டுவிட்டு வண்டி இறங்கிவிட்டது. அவர் மழையில் மேடு வரை நடந்து வந்து, அங்கே டீக்கடைக்காரச் சேச்சியின் வீட்டில் தங்கி, மறுநாள் இறங்கியிருக்கிறார். அத்தோடு மலை வேலையை விட்டுவிட்டார். இதையெல்லாம் நான் தடுத்திருக்க முடியாது. ஆனால் இரண்டாவது தடவை மொக்கச்சாமி வந்தபோதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், ஒருவேளை இதில் எதுவுமே நடந்திருக்காது. ஒருவேளை இப்போதும் அவரே அந்த மலையை ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்.

நான் சோம்பல்பட்டோ ஏமாற்றியோ எதையும் செய்யவில்லை. கஷ்டமே அதுதான். வேலையை ஒழுங்காகச் செய்தேன். வாடிக்கையாளர் சொன்ன குறையை நம்பினேன், திரும்பப் பார்த்தேன், கடைசியில் கண்ணாடியையே மாற்றினேன். அவர் சொன்னது நான் ஏற்கனவே எச்சரித்திருந்த குறையோடு அப்படியே பொருந்திப் போனது. பொருந்திப் போனதால், அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. அந்தத் துண்டைப் பார்த்தேன், தலைவலி என்று காதால் கேட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அதனால் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒருவர் இரண்டாவது தடவை குறை சொல்லி வந்தால், வெளியே நின்று கண்ணாடியைப் பார்க்காதீர்கள். அவர் சீட்டில் நீங்கள் உட்காருங்கள். பிறகு அவரை உட்கார வைத்துத் தலையைச் சாய்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாகப் பொத்தச் சொல்லுங்கள். நாம் வைத்தியர்கள் இல்லைதான். ஆனால் எதிரே என்ன தெரிகிறது என்று மனுசர்கள் முதலில் வந்து சொல்கிற இடம் சில சமயம் நம் கடையாகிவிடுகிறது. அப்புறமும் என் கடைக்கு அப்படிச் சிலர் வந்தார்கள். ஒருவருக்குச் சாதாரணக் கண்புரை, அறுவை செய்து சரியாகிவிட்டது. அவர் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கிக்கொண்டேன். வாயில் போடத்தான் முடியவில்லை.

கடையை விட்ட பிறகு நான் ஜீப் ஸ்டாண்டு பக்கம் போவதில்லை. மொக்கச்சாமி அங்கேதான் ஆள் கூப்பிட்டு ஏற்றிவிடுகிற வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். சுற்றிப் போனாலும் பரவாயில்லை என்று வேறு தெருவில் போவேன். போன மாதம் மருந்துக்கடைக்குப் போக வேண்டி வந்தது, அந்தச் சுற்றுத்தெரு அடைத்திருந்தது, ஸ்டாண்டு வழியாகத்தான் போக வேண்டியதாயிற்று.

"மேடு, மேடு, பூப்பாற! ரெண்டு பேரு ஏறுங்க, கெளம்பிரும்!" குரல் பழைய குரல்தான். நான் அவருக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றேன். அவருக்குத் தெரியவில்லை. பேசாமல் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"அப்பு" என்றேன்.

முழு உடம்பையும் திருப்பிப் பார்த்தார். "யாரு, அண்ணனா? இந்தப் பக்கமா வாங்கண்ணே, வலப்பக்கமா. அப்பத்தான் தெரியும்." வந்து நின்றேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று அவர்தான் என்னைக் கேட்டார். சொட்டு மருந்து விடாமல் போடுவதாகவும், மிச்சம் இருப்பது அப்படியே நிற்பதாகவும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். நீங்க இந்தப் பக்கம் வரவே இல்ல. வளையம் தெரியுதுன்னு சொன்னப்பவே உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சாண்ணே?"

"இல்லப்பு. வரல."

"நெசமா?"

"நெசமா வரல. வந்திருக்கணும். வரல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அது போதும்ணே. தெரிஞ்சும், பொழப்பு கெட்டுருமேன்னு எனக்காகச் சொல்லாம இருந்துட்டீங்களோன்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. பேச்சியம்மா ஆத்தா மாதிரி."

அவர் மனதில் இத்தனை நாளாக இந்தக் கேள்வி கிடந்திருக்கிறது. ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கக்கூடிய கேள்வி. நான் வேறு தெருவில் போய்க்கொண்டிருந்தேன்.

அதற்குள் ஜீப்பில் ஆள் நிரம்பிவிட்டது. பின் கதவைத் தேடிக் கையை நீட்டினார். முதல் தடவை காற்றில்தான் போனது. என் கை தானாக நீண்டது. பிறகு இழுத்துக்கொண்டேன். அடுத்த முயற்சியில் அவரே பிடித்துச் சாத்தி, தகரத்தில் ஓங்கித் தட்டினார். "போலாம்ப்பா!"

ஜீப் முந்தல் ரோட்டில் திரும்பி மறைந்தது. சத்தம் முழுசாக அடங்கும் வரை அவர் அந்தத் திசையிலேயே முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த வண்டி வர நேரமிருந்தது. நான் மருந்துக்கடைக்குப் போகவில்லை. அவருக்குத் தெரிகிற பக்கமாகவே நின்றுகொண்டிருந்தேன்.